தேவைக்குப் போக மிஞ்சியது

ஆம்பூர்,
14.7.2023

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஹெலன் எழுதிக்கொண்டது. நானும் நம் மகள் எஸ்தரும் கர்த்தர் கிருபையில் சுகம். உங்கள் சுகத்தையும் எழுதவும். போன தடவை மாதிரி "சுகம்" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுப் பக்கத்தைக் காலியாக அனுப்பவேண்டாம். நான் ஐந்தாவது, நீங்கள் ஏழாவது. ரெண்டு வகுப்பு ஜாஸ்தி படித்த மனுஷன் கொஞ்சம் தாராளமாக எழுதினால் ஜெயிலில் பேனாவைப் பிடுங்கிவிடவா போகிறார்கள்?

நம் ஊர் சத்தார் பாய் அந்த அரபு தேசத்துக்கு வண்டி ஓட்டப் போய், நமக்குத் தபால்காரராகவும் ஆகிவிட்டார். அவர் புண்ணியத்தில்தான் நான் உங்களை வம்புக்கு இழுக்க முடிகிறது. போனில் பேசினார். உங்கள் கையால் செத்துப்போன ஃபோர்மேனுடைய கடைசிப் பெண்ணுக்கு நம் எஸ்தர் வயதுதானாம். வருகிற தை மாசிக்குள் மேஜர் ஆகிவிடுவாளாம்.

மாமா, ஃபோர்மேன் சம்சாரம் மன்னிக்கமாட்டேன் என்று சொல்லியாச்சு. பையன்களும் சொல்லியாச்சு. இந்தப் பெண் வளர்ந்து தன் வாயால் சொல்லட்டும் என்றுதான் கோர்ட் மரண தண்டனையை நிறுத்திவைத்து இத்தனை வருஷம் உங்களை உட்காரவைத்திருக்கிறது. வீட்டில் ஒருத்தர் மன்னித்தாலும் உயிர் தப்பும் என்கிறது அவர்கள் சட்டம். மிச்சம் இருக்கிற ஒருத்தர் அவள்தான்.

ஒரு உதவி செய்யுங்கள். மன்னிப்புக்கு அவர்கள் பாஷையில் என்ன சொல்? அவள் எதைச் சொல்லவேண்டுமோ அதையே சொல்லி ஜெபிக்கப்போகிறேன். கர்த்தருக்கு எல்லாப் பாஷையும் தெரியும். எனக்குத் தெரிந்தது உங்களைத் திட்டுகிற பாஷை மட்டும்.

உங்கள் வாயாடி,
ஹெலன்


சிறை,
2.9.2023

அன்பு ஹெலனுக்கு,

ஜோசுவா எழுதுவது. பக்கம் நிறைய எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நீ கேட்ட சொல் 'அஃப்வ்'. பக்கத்துப் படுக்கையில் சூடான் நாட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான். வாத்தியார் வேலைக்குப் படித்துவிட்டுக் கார் திருடி வந்தவன். அவனைக் கேட்டேன். சுவரில் மூன்று எழுத்தை நகத்தால் கீறினான். ஐன், ஃபா, வாவ். அரபியில் மூன்று எழுத்து ஒரு முழுத் தோல் மாதிரியாம். அதிலிருந்து ஷூ வெட்டலாம், பெல்ட் வெட்டலாம், பை வெட்டலாம். எல்லாம் வேறு வேறு சொல், தோல் ஒன்றே. அவன் தோல் என்று சொல்லவில்லை, வேர் என்றான். உனக்குப் புரியட்டும் என்று நான் மாற்றினேன்.

மன்னித்துவிடு என்பதற்கு நம் ஊர் பாய்மார் சொல்கிற 'மாஃப்' இதில் வெட்டியதுதான். உடம்பு சுகத்துக்கு 'ஆஃபியத்' என்பதும் இதுதான். யாராவது நன்றி சொன்னால் 'அஃப்வன்' என்று பதில் சொல்வார்கள், அதுவும் இதுதான். தாடியை வெட்டாமல் வளரவிடுவதற்கும் இதே வேரில் ஒரு சொல். எனக்கு இப்போது நெஞ்சு வரை தாடி, அதனால் எனக்குப் பாதி மன்னிப்பு வந்துவிட்டது என்று பையன் கேலி செய்கிறான்.

எல்லாவற்றுக்கும் பழைய அர்த்தம், காற்று அடித்து மணலில் காலடியை அழிப்பது. அதைக் கேட்டதும் வெளியே பார்த்தேன். இங்கே முற்றம் சிமெண்ட்.

இன்னொன்று. ஒருத்தருடைய தேவைக்குப் போக மிஞ்சியதற்கும் 'அஃப்வ்' என்றே பெயர். தானம் கொடுக்கிறவர்கள் அதிலிருந்துதான் கொடுக்கவேண்டுமாம். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு அந்தப் பெண்ணிடம் எனக்குக் கொடுக்க என்ன மிஞ்சியிருக்கும், ஹெலன்?

நீ ஜெபம் செய். ரொம்ப நம்பாதே.

ஜோசுவா


ஆம்பூர்,
9.1.2024

அன்புள்ள தாடிக்கார மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எஸ்தர் சத்தமாகப் படிக்க, நான் கேட்டேன். தாடி நெஞ்சு வரையா? ஊருக்கு வரும்போது பள்ளிகொண்டாவிலேயே இறங்கிச் சிரைத்துக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் கதவைத் திறக்கமாட்டேன்.

உங்கள் மூன்று எழுத்தை எங்கள் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் இஷ்தியாக் அகமதிடம் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு நான் யோசித்துக்கொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"இன்னா ஹெலன், ஊசி ஒடஞ்சிட்ச்சா?"

"இல்ல சார். மாஃபும் ஆஃபியத்தும் ஒரே வேராமே, மெய்யா?"

"யார் சொன்னா?"

"எங்க ஊட்டுக்காரரு. ஜெயில்ல பெரிய படிப்பு படிக்கிறாரு."

அவர் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தார். பிறகு, "எங்கம்மா தெனமும் துவால ஆஃபியத் கேப்பாங்க. வேலைய வுட்டு நிக்க எழுதற இஸ்தீஃபா கூட இதுலேர்ந்துதான். என்னை வுட்ருங்கன்னு கேக்கறது" என்றார்.

"அப்ப நானும் ஒரு இஸ்தீஃபா எழுதிக் குடுத்துட்டுமா சார்?"

"குடேன். அப்புறம் இந்த ஷூ அப்பர்லாம் உங்க ஊட்டுக்காரரா வந்து தைப்பாரு?"

சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். பாவம், நல்ல மனுஷன்.

நல்ல மனுஷன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர் சம்மதம் கொடுத்ததால்தான் நான் ஒரு காரியம் செய்தேன். மாமா, திட்டாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு ஜோடி ஷூ செய்து அனுப்பிவிட்டேன்! கணுக்கால் வரை வருகிற பூட்ஸ், தேன் கலர். ஜெர்மனிக்குப் போகிற தோலில் மீந்தது. அப்பர் முழுக்க நானே தைத்தேன், ஒரு தையல் பிசகவில்லை. சாம்பிள் ரூம்காரர்கள் சோல் போட்டுக் கொடுத்தார்கள். எஸ்தர் கால்தான் அளவு. அவளும் சந்தோஷமாகக் காலை நீட்டினாள்.

மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு அவள் பாஷை வராது. தைக்க வரும். தேவைக்குப் போக மிஞ்சியது என்று எழுதியிருந்தீர்களே, என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தக் கைவேலைதான். அங்கே போகிற ஒருத்தரிடம் பெட்டியைக் கொடுத்தனுப்பினேன், சத்தார் பாய் வாங்கி அவள் வீட்டில் சேர்த்துவிடுவார். உங்களிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தார் பாயிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அவள் காலில் அது இருக்கும்.

ஆலயத்தில் எல்லோரும் ஆமென் சொன்னபோது நான் அஃப்வ் என்றேன். பக்கத்தில் இருந்த சுந்தரி தும்மல் என்று நினைத்து என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள்.

இப்படிக்கு,
கெட்டிக்காரி ஹெலன்


சிறை,
4.2.2024

ஹெலன்,

உன் கடிதத்தைக் கொடுக்கும்போதே சத்தார் பாய் கேட்டார். "இன்னா ஜோசுவா, அந்தப் பொண்ணு ஷூவ ஏன் வாங்கல?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சொன்னார். அவள் பெட்டியைத் திறந்தாளாம். யார் செய்தது என்று கேட்டாளாம். இவர் பெருமையாகச் சொன்னாராம். பெட்டியை மூடி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

கோர்ட்டில் அவளை அடுத்த வாரம் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் உனக்கு ஒன்று சொல்லவேண்டும். இன்னொருத்தர் வாயால் நீ கேட்கக்கூடாது.

அன்றைக்கு என்ன சண்டை என்று நீ எத்தனையோ தடவை கேட்டாய். பேச்சு தடித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அந்த ஃபோர்மேன் காலில் கிடந்த செருப்பைக் கழற்றி என் கன்னத்தில் அடித்தார். கோடவுனில் அத்தனை பேரும் பார்த்தார்கள். என் கையில் இரும்புக் கம்பி இருந்தது. ஒரே அடி. அவர் எழுந்திருக்கவில்லை.

தோலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். செருப்படி என்றால் என்ன என்று நமக்குத்தான் தெரியும். அதனால்தான் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. கோர்ட்டில் சொன்னேன். அம்மா மடியில் உட்கார்ந்து அந்தக் குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பா ஒருவனைச் செருப்பால் அடித்தார், செத்தார். இப்போது அவன் வீட்டிலிருந்து ஒரு ஜோடி ஷூ வருகிறது. அவள் வேறு எப்படி நினைப்பாள்?

உன் மேல் குற்றம் இல்லை. இதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்காதே.

ஜோசுவா


ஆம்பூர்,
3.3.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சாப்பிட்டேன். நீங்கள் சொன்னீர்கள் என்று சாப்பிட்டேன். குழம்பில் உப்பு இல்லை என்று எஸ்தர் சொல்லித்தான் தெரிந்தது.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாடியே சத்தார் பாய் போன் போட்டுவிட்டார். நீதிபதி கேட்டதும் அவள் 'லா' என்றாளாம். இல்லை என்று அர்த்தமாம். இத்தனை வருஷம் காத்திருந்த பதில் இத்தனை சின்னதா மாமா? உங்களை, தண்டனைக்குப் போகிறவர்களை வைக்கிற தனியறைக்கு மாற்றிவிட்டார்களாம். பார்க்க விடுவதில்லை, கடிதத்தை வாசலில் வாங்கிவைக்கிறார்கள், உள்ளே போகுமா தெரியாது என்கிறார். தெரியாது என்றால் நான் எழுதாமல் விட்டுவிடுவேனா? உங்களுக்குத் தெரியாதா என்னை.

நிஜமாகவே இஸ்தீஃபா எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஷூவைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. இஷ்தியாக் சார் படித்தார். மடித்து என் கையிலேயே திரும்ப வைத்தார். "பொண்ணு படிக்குது இல்ல? போம்மா, போய் மெஷின்ல உக்காரு" என்றார். அங்கேயும் எனக்கு அஃப்வ் கிடைக்கவில்லை மாமா.

கன்னத்தில் அடித்ததை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? சிரித்திருப்பேன் என்று பயந்தீர்களா? நான் எதற்கும் சிரிக்கிறவள்தான், உங்கள் பயம் நியாயம். ஆனால் அதற்கு மட்டும் சிரித்திருக்கமாட்டேன். அந்தக் கன்னத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பூட்ஸும் தைத்திருக்கமாட்டேன்.

அந்தப் பெட்டி ஊருக்குத் திரும்பி வந்துவிட்டது. தூக்கிப் போட மனசு வரவில்லை. நேற்று எஸ்தர் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு நூல் பிசகில்லை. அந்தப் பெண்ணுக்கும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு எஸ்தரே கழற்றி, துடைத்து, பெட்டியில் வைத்து மூடினாள்.

குற்றம் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். அது எனக்குப் போதவில்லை. குற்றம் இருக்கட்டும். அந்த மூன்று எழுத்தை, சூடான் பையன் சுவரில் கீறின மாதிரி, உங்கள் கையால் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்புங்கள். அந்த எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, பார்த்துக்கொள்கிறேன். பக்கம் நிறைய வேண்டும் என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன்.

உங்கள்,
ஹெலன்