குடை பிடித்த குரங்கும் பத்து வித்தியாசமும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் கண் மட்டும் சிவந்து கிடக்கிறது, அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது, போனில் எப்போது கேட்டாலும் சாப்பிட்டேன் என்கிற ஒரே பதில்தானே.

நடந்தது இதுதான். அடுத்தவர் போட்ட புதிர்ப் புத்தகங்களை நம் கடையில் விற்று அவர்களைப் பணக்காரர் ஆக்கியது போதும் என்று நானே பிள்ளைகளுக்கு ஒரு புதிர்ப் புத்தகம் போட்டேன் அல்லவா, அதில் ‘பத்து வித்தியாசம் கண்டுபிடி’ என்கிற பக்கத்தில் அச்சகத்துக்காரர் ஒரே படத்தை இரண்டு தடவை போட்டுவிட்டார். குடை பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுகிற குரங்கு. இந்தப் பக்கமும் அதே குரங்கு, அந்தப் பக்கமும் அதே குரங்கு. கட்டுக் கட்டாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. அவரைப் பிடித்துக் கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு, “இதுவரைக்கும் யாரும் குறை சொல்லலையேக்கா” என்கிறார். அத்தனையும் திரும்பி வந்தால் நாங்கள் கூடத்தில் குரங்குகளுக்கு நடுவில்தான் படுக்க வேண்டும்.

ஆனால் ஒரு புத்தகம்கூடத் திரும்பி வரவில்லை. வாங்கினவர்கள் எல்லோரும் வித்தியாசம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்! கடைக்கு வந்த ஒரு அம்மா, “என் பையன் எட்டு கண்டுபிடிச்சிட்டான், மிச்சம் ரெண்டுதான் எங்க உயிரை எடுக்குது” என்று சந்தோஷமாகப் புலம்பிவிட்டு இன்னொரு பிரதி வாங்கிப் போனாள். எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் ஆறு. உன் அப்பா பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து ஐந்து. இரண்டும் ஒன்றுதான் என்று நான் தலையில் அடித்துக்கொண்டால், “உனக்குப் பொறுமை கிடையாது, இந்தக் குரங்கு முகத்துல ஒரு கவலை தெரியுது பாரு” என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தில் ஒரு கவலையையும் பார்க்காத மனிதர் குரங்கின் முகத்தில் பார்த்துவிட்டார். சரி, வியாபாரம் ஓடுகிறபோது நாமே ஏன் குறுக்கே விழ வேண்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நம் தெருமுனைத் தையற்காரர் வராமல் இருந்திருந்தால் அப்படியே ஓடியிருக்கும். மூன்றாம் வகுப்பு படிக்கிற மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், தெருவில் எல்லோரும் ஊசி என்று கூப்பிடுவார்களே அந்தப் பெண். அவள் ‘ஒரு வித்தியாசமும் இல்லை’ என்று எழுதி டீச்சரிடம் முட்டை வாங்கியிருக்கிறாள். பத்தும் கண்டுபிடிக்கிற வரைக்கும் விளையாடப் போகக்கூடாது என்று வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டாராம். தையற்காரரோ, “எனக்கே நாலு தெரியுது, இவளுக்கு ஒண்ணுகூடத் தெரியலைன்னா கண்ணுலதான் ஏதோ கோளாறு, டாக்டர்கிட்ட போயிட்டிருக்கோம்” என்கிறார். அவள் அழவில்லை. கல்லா மேல் தாடையை வைத்துக்கொண்டு, “புக்கு போட்டவங்க நீங்கதானே, நீங்க சொல்லுங்க, இருக்கா இல்லையா?” என்று கேட்டாள். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் என் சரக்கு பிழைத்துவிடும், அவள் மூக்கின் மேல் ஒரு கண்ணாடி ஏறும், அவ்வளவுதான். எத்தனையோ பேரிடம் எத்தனையோ சமாளித்தவள் நான், இந்த வாண்டிடம் வாய் வரவில்லை. இல்லைடி, ஒன்றுமே இல்லை, அச்சுப் பிழை என்று சொல்லிவிட்டேன். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர், “அப்போ நான் கண்டுபிடிச்ச நாலு?” என்று என்னிடம் நியாயம் கேட்கிறார்.

புத்தகம் மொத்தமும் திரும்பி வந்தாலும் வரட்டும் என்று அப்போதே அவர்களையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வகுப்புக் கரும்பலகையில் டீச்சர் தான் கண்டுபிடித்த ஏழு வித்தியாசத்தையும் கலர் சாக்பீஸில் எழுதி வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் செய்த காரியம் அதை அழித்ததுதான். பிறகு ஊசியைக் கூப்பிட்டு, பிள்ளைகள் முன்னாலேயே தப்பு தன்னுடையது என்று சொல்லி, பத்துக்குப் பத்து போட்டு விளையாட அனுப்பினார், அதைச் செய்யவும் ஒரு மனசு வேண்டும். எல்லாப் புத்தகத்திலும் கேள்வியின் மேல் ‘வித்தியாசம் உண்டா, இல்லையா?’ என்று ஒரு சீட்டு ஒட்டித் தருகிறேன் என்றேன். “அதுதான் நல்ல கேள்வி, புத்தகம் இருக்கட்டும். ஆனா அந்த ஏழு விஷயம் வெளியே போகக்கூடாது” என்றார். எனவே நீ யாரிடமும் மூச்சு விடாதே. உன் அப்பா மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, சீட்டு ஒட்டிக்கொண்டே ஆறாவதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உன் ஆபீசிலும் எல்லோரும் சேர்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறபோது உனக்குத் தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லாதே. மேலதிகாரி ஆட்டினால் மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் சொல். மாடிப்படி ஏறுகிறபோது போனைப் பார்க்காதே, ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசு, குரங்கைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே. போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் அமையட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும்.

கையெல்லாம் பசையோடு,
உன் அம்மா

பின்குறிப்பு: ஊசியை நம் புத்தகத்துக்குப் பிழை பார்க்க அமர்த்திவிட்டேன், எவ்வளவுக்கு முடித்தாய் என்றுதான் நீ முதலில் கேட்பாய். அடுத்த புத்தகம் அச்சுக்குப் போகும் முன் பக்கம் பக்கமாக அவள் பார்த்துச் சொல்ல வேண்டும். தப்புக்கு ஒரு பென்சில் கேட்டாள். பென்சிலுக்காக இவளும் இல்லாததைக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று நான் மறுத்தேன். பேசி முடித்தது இப்படி: தப்பு இருந்தால் பக்கத்துக்கு ஒரு பென்சில், தப்பே இல்லாத பக்கத்தை இல்லை என்று சரியாகச் சொன்னால் இரண்டு, சீவித் தருவது என் பொறுப்பு.