நீளமான பகல் விடிந்தபோது

அன்புத் தங்கச்சிக்கு,

உன் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். அதை மனசில் வாங்கிக்கொண்டு மீதியைப் படி.

வருஷத்திலேயே நீளமான பகல் விடிவதைப் பார்க்க, எங்கள் சைக்கிள் குழுவில் ராத்திரி முழுக்க மிதித்து சாத்தூர்ப் பக்கம் ஒரு குன்றுக்குப் போனோம். மதுரைக் குழுவோடு அவரும் வந்திருந்தார். உன் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அவரோடு பேசினேன். "மதினி, அவளுக்கு மாங்காய் தவிர எதுவும் இறங்கலை" என்று சிரித்தார்.

சூரியன் எழும்பும்போது எல்லாரும் கிழக்கே பார்த்து நின்றோம். பின்னால் லோடு வேன் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நம் அண்ணன் இரும்புக் கம்பியோடு இறங்கினான்.

"எங்க சாதிப் பொண்ணு கேக்குதோலே உனக்கு?"

முதல் அடி அவர் முழங்காலில், அடுத்தது தலையில். மூன்றாவதற்கு நான் குறுக்கே விழுந்தேன். என் வலது மணிக்கட்டு முறிந்தது. இடது கையில் அகப்பட்ட காற்றடிக்கும் பம்பால் அண்ணன் முகத்திலேயே அடித்தேன். பல்லும் ரத்தமுமாகத் துப்பினான். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அவனைப் பிடித்து அமுக்கினார்கள்.

ஸ்டேஷனில் அவன் பெயரைச் சொல்லிவிட்டேன். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். தலையில் தையல் பிரித்ததும் குழுக்காரர்களே அவரை உன்னிடம் கூட்டி வருவார்கள்.

அதற்குள் அம்மா அழுதுகொண்டே போன் பண்ணுவாள். "அப்பாவுக்கு முடியலை, ஒருதரம் முகத்தைக் காட்டிட்டுப் போ தாயி" என்பாள். நேற்று என் துணிமணிகளை எடுத்துவர நம் வீட்டுக்குப் போனேன். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். முற்றத்தில் உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

நீ வராதே.

உன் அக்கா