வலது பாதம் அசையவில்லை

மார்ச் 4, செவ்வாய்

சிட்டு, நீ ஏணியிலிருந்து விழுந்து போய் எட்டு மாதம் ஆகிறது. எலும்பு டாக்டரிடம் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். "ஆஸ்பத்திரி வாசனையே ஆகாதேம்மா உனக்கு" என்று உன் அக்கா கத்தினாள். வீட்டில் இருந்தால் மட்டும்? உன் பெயின்ட் சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மார்ச் 6, வியாழன்

துடைத்தேன். வந்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

பந்து விளையாடும் வாத்தியார் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். "பின்னாலேருந்து யாரோ உதைச்ச மாதிரி இருந்துது டாக்டர். திரும்பினா ஒருத்தரும் இல்ல."

கையில் துணியோடு நின்றுவிட்டேன். பஸ்ஸுக்கு ஓடிய அன்று நீயும் இதையேதானே சொன்னாய்? "உன்னை உதைக்க ஆளா இல்ல" என்று சிரித்தேனே.

டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்தார். பாதங்கள் கட்டிலுக்கு வெளியே. இடது கெண்டைக்காலை அமுக்கினார். பாதம் தானாக நீண்டது. வலதை அமுக்கினார். கட்டை மாதிரிக் கிடந்தது. குதிகாலுக்கு மேலே விரல் வைத்து, "இங்க பள்ளம் விழுது. நார் அறுந்துடுச்சு" என்றார்.

"பாதத்தை ஆட்டுறேனே டாக்டர்?"

"ஆட்டலாம். வேற நார்கள் இருக்கு. அதுலதான் ஏமாந்து போயி சுளுக்குன்னு அனுப்பிடுவாங்க."

மார்ச் 12, புதன்

உன்னையும் சுளுக்கு என்றுதான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஏணியில் அந்தக் காலில் எம்பித்தான் விழுந்தாய். அமுக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா அவங்களுக்கு?

நான் அமுக்கினேனே. மூணு வாரம், தினம் சாயங்காலம், குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ச்சேனே. இடது பாதம் துள்ளும், வலது சும்மா கிடக்கும். "உன்னை மாதிரியே உன் காலும் சோம்பேறிடா"ன்னு சொன்னேனே, பாவி. கண்ணால பார்த்தேன். கையில பிடிச்சேன் —

மார்ச் 13, வியாழன்

எழுத முடியவில்லை.

மார்ச் 20, வியாழன்

பெரிய டாக்டர் இல்லை. சின்ன டாக்டரிடம் செங்கல் சுமக்கும் பெண் ஒருத்தி வந்தாள். நடக்கச் சொன்னார், நடந்தாள். "சுளுக்குதான்" என்று எழுத ஆரம்பித்தார்.

"நாளைக்கு மாடிக்குக் கல்லு தூக்கலாமா சார்?"

துடைப்பத்தோடு உள்ளே போனேன். "டாக்டர், குப்புறப் போட்டு அமுக்கிப் பாருங்க."

"துடைப்பத்தோட ஸ்டெதாஸ்கோப்பும் குடுத்தாங்களாம்மா? போய் படியத் துடைங்க" என்றாள் சிஸ்டர்.

"துடைக்கிறேன். மொதல்ல அமுக்கச் சொல்லு."

அமுக்கினார். ஒரு பாதம் நீண்டது. மற்றது அசையவில்லை. மறுபடியும் அமுக்கினார். பேனாவை மூடிவிட்டு, எழுதியதைக் கிழித்தார்.

மார்ச் 27, வியாழன்

அந்தப் பெண் மாவுக்கட்டோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொத நாளுதான் வலிச்சுது அக்கா. அப்புறம் அவ்வளவா இல்ல. அதான் வேலைக்குக் கிளம்பிட்டேன்."

நீயும் அப்படித்தான், "வலியே இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய். சிட்டு, நிஜமாவே வலிக்கலையா, இல்ல நான் பயப்படுவேன்னு சொன்னியாடா?