மூடியும் தட்டும் சேரும் நாள்

மாப்ளே,

நேற்று கராமாவில், மகள் வீட்டில், என் மானம் போயிற்று. அவளுக்கு ஐம்பத்திரண்டாவது பிறந்தநாள். கேக் தட்டைக் கையில் வாங்கியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து நின்று, "அந்தக் காலத்து மாயா ஜனங்க காலண்டர் கணக்குல இவ பிறந்த நாள் இன்னிக்குத்தான் அதே பேரோட திரும்பி வருது" என்று அறிவித்தேன்.

மகள் போனைத் தட்டிப் பார்த்தாள். "அப்பா, அவங்களுக்கு லீப் வருஷமே கிடையாது. அது பதிமூணு நாள் முன்னாடியே வந்துட்டுப் போயிடுச்சு."

அன்றைக்கு நான் பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லியிருப்பாய்.

ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், நாம் வளைகுடாவில் வேலை பார்த்த காலம், தேராவில் நம் ரூம். வெள்ளிக்கிழமை. பெண் பிறந்திருக்கிறாள் என்று ஊரிலிருந்து தந்தி. லீவுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அதற்குள் அவள் நடக்கப் பழகிவிடுவாள், என்னைக் கண்டால் அலறுவாள் என்று நான் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். நீ ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் இந்த மாயா காலண்டரைப் பற்றிப் படித்ததை எடுத்துவிட்டாய். டப்பா மூடி இருநூற்று அறுபது நாள் சக்கரம், என் சோற்றுத் தட்டு முந்நூற்று அறுபத்தைந்து நாள் சக்கரம். விளிம்போடு விளிம்பு ஒட்டிச் சுற்றினாய். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டிலும் ஒவ்வொரு பெயராம்; அதே ஜோடி மறுபடி சேர ஐம்பத்திரண்டு வருஷமாம். புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து என்று அவர்கள் எண்களைச் சுவரில் வேறு கிறுக்கினாய். பட்டாணிய வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "யே க்யா ஹை, பாய்?" என்று அந்தக் கிறுக்கலைக் காட்டிக் கேட்டான். "மதராசி எழுத்து" என்றேன். நம்பிப் போய்விட்டான்.

"இந்த ஜோடி திரும்பிச் சேர்ற அன்னிக்கு உன் மக கையால நாம ரெண்டு பேரும் சாப்பிடறோம். அதோட பார்த்தா இந்த ரெண்டு வருஷம் எந்த மூலைக்குடா? சோத்தத் தின்னு" என்றாய்.

"அதுவரைக்கும் உன் சாம்பாரா? நான் இருக்க மாட்டேன்."

"புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுது."

எங்கே புரிந்தது? சின்ன மூடி அத்தனை வேகமாகச் சுற்றிவிட்டுத் தட்டுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? இன்று காலைகூட மகளின் சமையலறையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். மூடி உருண்டு பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை தட்டை உன்னிடமிருந்து பிடுங்கிச் சாப்பிட்டு முடித்தேனே, அப்போது வாய்வரை வந்ததைச் சொல்லவில்லை: ஒண்ணும் புரியல மாப்ளே, ஆனா பயம் போயிடுச்சு.