காட்டாமல் விட்ட கண்ணாடி

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, யாரும் எழுதித் தரவில்லை, மாலை வகுப்பில் கற்றுக்கொண்டது, முழுக்க என் கைதான். இந்த நாலு வரிக்கே டீ ஆறிவிட்டது, அம்மா சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

பெரிய சேதி கேள். போன வாரம் அம்மாவின் கண்ணைக் காட்ட ஆஸ்பத்திரி போனோம். அங்கே சுவரில் ஒரு தாள், அதில் வழுக்கைத் தலையும் இதயமும் வரைந்திருந்தது. தலைமுடி நம்ம தொழில் சமாசாரமாச்சே என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். முழுசாகப் படித்தேனடா! சின்ன வயதிலேயே உச்சந்தலையில் முடி கொட்டும் ஆண்களில் சிலருக்கு இதயக் கோளாறும் வரலாமாம். முடி கொட்டுவதால் இதயம் கெடாதாம், ஆனாலும் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லதாம். நர்ஸ் பொண்ணிடம் கேட்டேன், சரியாத்தான் படிச்சிருக்கீங்க தாத்தா என்றது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கடையில் முடி வெட்டி முடித்ததும் பின்னால் கைக்கண்ணாடி பிடித்துக் காட்டுவேன் இல்லையா, உச்சியில் சொட்டை விழுந்தவர்களுக்கு மட்டும் நாற்பது வருஷமாகக் காட்டியதில்லை, மனசு நோகுமே என்று. இப்போது அவர்களுக்குத்தான் முதலில் காட்டி, பிரஷர் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். பஸ் ஓட்டும் மீசைக்காரர், முடி வெட்டச் சொன்னா வைத்தியம் பாக்கிறியா என்று குதித்தார். நேற்று வந்தார், பிரஷர் எகிறிக் கிடந்ததாம், மாத்திரை கொடுத்திருக்கிறார்களாம். நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு தடவை நல்லாக் காட்டுப்பா என்றார்.

இப்போது உன் விஷயம். போன தடவை நீ வந்தபோது நான்தான் வெட்டிவிட்டேன். உச்சியில் சோடா மூடி அளவுக்குச் சொட்டை இருந்தது. உனக்கு முப்பத்திரண்டுதான். கண்ணாடியை எடுக்காமல் துண்டை உதறிவிட்டேன், நீயும் கேட்கவில்லை. போட்டோவில் எல்லாம் தொப்பியோடு நிற்கிறாய், அதனால் உனக்கும் தெரியும். உன் சித்தப்பாவுக்கும் இதே இடத்தில்தான் தொடங்கியது. நாற்பத்தொன்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மாதாமாதம் அவன் தலை என் கையில்தான் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பயமுறுத்தவில்லை, மீசைக்காரர் இப்போதும் ஜம்மென்று பஸ் ஓட்டுகிறார். அன்றைக்குக் காட்டாததை இன்றைக்குக் காட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

இந்த வாரமே டாக்டரைப் போய்ப் பார். போனில் சொன்னால் நல்லாயிருக்கேன்பா என்று மழுப்புவாய். டாக்டர் தரும் தாளையே தபாலில் அனுப்பு, நானே படித்துக்கொள்கிறேன். நூறு வயசுக்கு நன்றாக இரு, மருமகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
இனிமேல் கைநாட்டு வைக்காத
உன் அப்பா