பெயர் நீக்கிய வரியில் நீ

இன்று காலை என் மேசைக்கு முன்னால் ஈரச் சுவெட்டர் வாசனை வந்து நின்றது. நனைந்த கம்பளியும் பஸ் டீசலும் கலந்த வாசனை. அது உன்னுடையதுதானே! தலையை நிமிர்த்துவதற்குள், "வந்துட்டியாடி" என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாளாம். நுவரெலியா கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், புள்ளிவிபரப் பிரிவில் இன்னமும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால், அவளை என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள்.

"மிஸ், தோட்டப் பக்கம் கர்ப்பத்துலயும் பிரசவத்துலயும் இறந்துபோன அம்மாமார் விபரம் வேணும். டிவிஷன் டிவிஷனா இருந்தா நல்லது" என்றாள்.

அதே கேள்வி, அதே அவசரம். அவளை உட்காரச் சொன்னேன். வெளியே மழை. நீ போன பிறகு பெய்த மழைகளில் ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

நீ முதன்முதலில் இங்கே வந்து நின்ற நாள் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் சாப்பாட்டைத் தின்றவள், அன்று பெரிய ஆராய்ச்சிக்காரித் தோரணையில், "மேடம், பிறப்பு இறப்புத் தரவுகள் தேவைப்படுகின்றன" என்று சிரிக்காமல் சொன்னாய். நானும் சிரிக்காமல் மாவட்ட அட்டவணையை எடுத்து நீட்டினேன். நகரம், கிராமம், தேயிலைத் தோட்டம் என்று மூன்றே வரி; தோட்டத்தின் உட்பிரிவான டிவிஷன் எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் உன் தோரணையெல்லாம் பறந்துவிட்டது.

"இதாடி நீ தர்றது? டூர் வர்றவங்க வேனுக்குள்ள இருந்து பாத்துட்டு எல்லாம் ஒரே பச்சையா இருக்குன்னு சொல்லுவாங்கல்ல, அது மாதிரி அத்தன தோட்டத்தையும் ஒரே வரியில அமுக்கி வச்சிருக்கீங்க. டவுனுக்குப் பக்கத்துல இருக்கவளும் மலை உச்சியில இருக்கவளும் ஒன்னா?"

"பிரிச்சுக் குடுத்தா ஆளு தெரிஞ்சிரும்டி."

"அதான் பேரை எடுத்துர்றீங்களே!"

"பேரை எடுத்தா போதுமா? நீ எந்த ஊர்ல பொறந்த?"

கோபித்துக்கொண்டு போனாய். நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபடி போன் எடுத்து, "கோவம் இன்னும் போகல. ஆனா நீ குடுத்த ரொட்டி நல்லா இருந்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாய். அடிப்பாவி, சண்டையைக்கூட உன்னால் ஒழுங்காகப் போட முடியாது.

நான் சொன்னதன் அர்த்தம் உனக்குப் பிடிபட்டது உங்கள் பஸாரில், நாம் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனின் தேத்தண்ணிக் கடையில்தான். நான் இந்த மேசைக்கு வருவதற்கு முன்பு, வேறொரு ஆய்வுக் குழுவுக்கு இறப்புக் கோப்பு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். பெயர்களை நீக்கியாகிவிட்டது, இனி என்ன பயம் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் குழு டிவிஷன், மாதம், வயது, காரணம் எல்லாவற்றையும் அப்படியே அட்டவணையாகப் போட்டுவிட்டது. அதில் ஒரு பக்கம் போன் போனாகச் சுற்றி, நீ தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த கடைக்கே வந்து சேர்ந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் அதை உரக்க வாசித்தார்.

வெளியூர்க்காரனுக்கு அது வெறும் வரி. நம்முடைய ஆட்களுக்கு அப்படியா? நம் பக்கம் ஒரு சாவு விழுந்து தப்பு மேளச் சத்தம் கேட்டால், அந்த டிவிஷனே கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, அரைநாள் சம்பளத்துக்கான பேரோடு லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய நாளை யாரும் மறப்பதில்லை. "அந்த மாசம் நாம அரைப்பேரோட வந்தது ஒரே ஒரு நாளுதானே?" என்று ஒருவர் கேட்டாராம். "ஆமா, அந்தக் கடைசித் தொங்க வீட்டுப் புள்ள செத்தன்னிக்கு" என்றாராம் இன்னொருவர். அந்த வீட்டில் நெஞ்சு வலி என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகாத அந்தப் பிள்ளைக்கு அட்டவணை கர்ப்பம் என்று காரணம் சொன்னது.

உள்ளேயிருந்து நானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "தம்பி, இது ஒரு ஊட்டுக்குள்ள உள்ள விஷயம். என்ட கடையில வச்சி வாசிக்க வேணாம்" என்று சொன்னதை நீ என்னிடம் அழுதுகொண்டே சொன்னாய். அதற்குள் காரியம் கைமீறிப் போய்விட்டது. அந்தக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"அவங்க யாரும் கெட்டவங்க இல்லடி. தெரிஞ்ச நாள நெனச்சுப் பாத்தாங்க, அவ்ளோதான்" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அதுக்காக எல்லாத்தையும் பூட்டி வச்சா, அடுத்தவளும் அதே மாதிரிதானே சாவா?" என்றும் கேட்டாய். நான் பூட்டுகிற கட்சி, நீ திறக்கிற கட்சி.

நீ ஓயுகிற ஆளா? அடுத்த சனிக்கிழமை என் அறைக்கு வந்து, கட்டில் முழுக்க வரைபடத்தை விரித்துப்போட்டு, பால் விடாத பிளேன்டீயை அதன் மேலேயே வைத்தாய். நான் கத்தியதைக் காதில் வாங்கவே இல்லை.

"எனக்கு டிவிஷன் வேணாம். ரோடு குடு."

"என்ன ரோடு?"

"வலி வந்தவள எந்த ரோட்டுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க? அந்த ரோட்டுல இருக்க அத்தன டிவிஷனையும் ஒன்னா சேத்துரு, எந்தத் தோட்டமா இருந்தா என்ன. மாசத்த எடுத்துரு. சில வருஷத்தச் சேத்துப் போடு. ரோடு தெரியும், ஆளு தெரியாது."

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இத்தனை காலம் இதே மேசையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு ஏன் அது தோன்றவில்லை? நாம் இருவரும் அன்று தரையில் உட்கார்ந்து ரோடு ரோடாகக் கோடு போட்டோம். ஒரு ரோட்டில் ஆட்கள் குறைவாக இருந்தால் பக்கத்து ரோட்டோடு சேர்த்தோம். "அங்க சேக்காத, அந்தப் பாலம் மழைக்கு முங்கிரும், அது வேற கத" என்று நீ அடித்துப் பேசினாய். உன் தோட்டம் இருந்த மேல் ரோட்டை மட்டும் வேறெதோடும் சேர்க்க விடவில்லை. அதைப்போல மோசமான ரோடு வேறு இல்லையே!

பிறகு நான் மேலிடத்தோடு மல்லுக்கட்டினேன், சிங்களத்தில் பாதி, தமிழில் பாதி. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள்: மூலக் கோப்பு எங்கள் அறையை விட்டு வெளியே போகாது. ஆய்வுக்காரர்கள் இங்கே வந்து, எங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்து, நான் பார்த்துச் சரி சொன்ன அட்டவணையை மட்டும் எடுத்துப் போகலாம். முதலில் வந்தவளும் நீதான். போனையும் பையையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து, "ஜெயில்ல கூட தேத்தண்ணி குடுப்பாங்கடி" என்று நாள் முழுக்க முணுமுணுத்தாய். அந்த முணுமுணுப்பைத்தான் இப்போது தேடுகிறேன்.

மார்க்கெட் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது அதைச் சொன்னாய். "ஒரு விஷயம். யாருக்கும் சொல்லிறாத." கை தானாக வயிற்றுக்குப் போயிருந்தது. நான் முதலில் திட்டினேன். கல்யாணம் எப்போது, அவன் யார் என்று அடுக்கினேன். "அதெல்லாம் அப்புறம். அம்மாகிட்ட நானே சொல்றேன். இப்ப எனக்குச் சந்தோஷமா இருக்குடி, அத மட்டும் கேட்டுக்க" என்றாய். பேரிக்காய் வாங்கிக் கொடுத்தேன். ரோட்டிலேயே கடித்துக்கொண்டு நடந்தாய். உன்னை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

அம்மாவிடம் சொல்லத்தான் தோட்டத்துக்குப் போனாய். சொல்வதற்கு முன்பே உதிரம் போகத் தொடங்கிவிட்டது. மேல் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. தோட்டத்து லொறி அதற்கு இந்தப் பக்கம் நின்றுவிட, உன்னைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தும் நீ பிழைக்கவில்லை; அங்கேதான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. லயத்தில் எல்லாருக்கும் வயிற்றில் கட்டி என்று சொல்லியாயிற்று. நானும் தப்புச் சத்தத்துக்கு நடுவில் நின்று, கேட்டவர்களிடமெல்லாம் கட்டி என்றே சொன்னேன்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து உன் அம்மா கச்சேரிக்கு வந்தார். குடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா, அவ விஷயம் எங்கயாச்சும் வெளிய வந்துருமா?"

"வராதும்மா. நான் இருக்கேன்."

தலையை ஆட்டினார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "அதுக்காக அவள இல்லாமலும் ஆக்கிறாதம்மா. அந்த ரோட்டுக்குத்தானே அவ அப்படி அலைஞ்சா. எண்ணுல இருக்கட்டும்."

அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து எப்படி அழுவது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று வந்த பெண்ணை மூலக் கோப்பு இருக்கும் அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். டிவிஷன் கிடையாது, ரோடுதான் என்றதும் உன்னைப்போலவே முகத்தைச் சுளித்தாள். அட்டவணையைப் பார்த்த பிறகு சுளிப்பு போய்விட்டது.

"மேல் ரோட்டுலதான் மிஸ் சாவு அதிகம்! இத வச்சே ரோடு போடச் சொல்லிக் கேக்கலாமே. ரோடு ரோடாப் பிரிக்கிற ஐடியா யாரோடது மிஸ்?"

உன் பெயர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எத்தனை நாள் ஆயிற்று அதை யாரிடமாவது உரக்கச் சொல்லி! சொன்னால், அவங்க இப்ப எங்க மிஸ் என்பாள். இறந்துட்டாங்க என்றால், எப்படி என்பாள். கெட்டிக்காரப் பெண். கையில் அட்டவணை வேறு இருக்கிறது.

"ஒரு கூட்டாளியோடது" என்றேன்.

அவள் குறித்துக்கொண்டாள். பிறகு மேல் ரோட்டு வரியில் விரலை வைத்து, மெதுவாகக் கேட்டாள். "பாவம் மிஸ். இவங்கள்லாம் யாருன்னே நமக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது" என்றேன்.

அப்படிச் சொல்வதுதான் என் வேலை, நீயும் நானும் சேர்ந்து போட்ட விதி. அதை மீறமாட்டேன். உனக்கு எழுதுகிற இந்த மடலில்கூட உன் பெயரையும் தோட்டத்தையும் எழுதவில்லை, பார். ஆனால் அந்த அட்டவணையை வெளியே விடுவதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் கூட்டிச் சரிபார்ப்பது நான்தான். அப்போது அறையில் வேறு யாரும் இருப்பதில்லை. மேல் ரோட்டு வரியில் உன்னிடம் வந்ததும், ஒன்று என்று நான் எண்ணுவதில்லையடி. உன் பெயரைச் சொல்லித்தான் கூட்டுகிறேன்.