மயிலின் காலைத் தின்ற மோட்டார்

நேற்று பரணில் உன் பழைய போட்டோவைத் தேடப் போன என் மகள், சணல் கயிற்றில் கட்டிய, துளை போட்ட தறி டிசைன் அட்டைக் கட்டு ஒன்றோடு இறங்கினாள். பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறதே, காலேஜ் மலருக்கு உன் வாழ்க்கையை எழுதுகிறாள். பத்தாவதை இரண்டு முறை எழுதியும் தேறாத உன் கூட்டாளி என்னிடம்தான் விவரம் கேட்கிறாள். உன் புகழுக்கு வந்த சோதனையைப் பார்.

நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். எட்டு வயதில், கையளவு முட்டுக்கட்டை அத்தனை பெரிய தேரை எப்படித் திருப்புகிறது என்று பார்க்க நீ சக்கரத்தருகே போய்ப் படுத்தது. முதுகில் இரண்டு அடி வாங்கிச் சிரித்துக்கொண்டே வந்தது. உன் வீட்டு ரேடியோவைக் கழற்றிவிட்டுப் பழியை என் மேல் போட்டது. பிறகு, தறியில் மிதியை மிதித்து மிதித்து உன் அம்மாவுக்கு முட்டி வீங்கியபோது, "மிதிக்கிறதுக்கு மனுசன் எதுக்குபா?" என்று கேட்டது. பழைய தையல் மோட்டாரில் தேர்க்கட்டை போல ஒரு மரத்துண்டை மாட்டினாய். மிதிக்காமலே, அட்டைத் துளைகளின்படி டிசைன் இழைகளைத் தூக்கும் அந்தக் கருவியை முதலில் என் தறியில்தான் பொருத்தினாய்.

எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்புறம் அடுத்த தறிக்கு மாட்ட மூணு வருஷம் ஆயிருக்கே, ஏன்பா சும்மா இருந்தாரு?"

நீ சும்மா இருக்கவில்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

அந்த முதல் சேலையில் முந்தானை மயில் அத்தனையும் காலில்லாமல் வந்தன. இதெல்லாம் எங்கே போய் உட்காரும் என்று முதலாளி கேட்டார். நான் டீக்கடையில் போய், "அவன் மோட்டாரு மயிலு காலைத் தின்னுடுச்சுபா" என்றேன். நம்ம நெசவாளர் தெரு பிள்ளையார்பாளையமே சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு மோட்டாரைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாய்.

பத்து நாள் கழித்து, தறிக்குழிப் பலகைக்கு அடியில் பதினேழு அட்டைகள் கிடைத்தன. எலி கடித்த அட்டைக் கோர்வையை அவசரத்தில் திரும்பக் கோத்தவன் நான்தான். விட்டுப்போன அட்டைகளில்தான் மயிலின் கால்கள் இருந்தன. அவற்றைச் சணலில் கட்டிப் பரணில் செருகினேன். உன்னிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை கிளம்பி, பாதிவழியில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இல்லாத பழுதை நீ மூன்று வருஷம் தேடினாய். அந்த மூன்று வருஷமும் உன் அம்மா மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் உன் கருவி தெருத்தெருவாகத் தறிகளில் ஏறியது. பேப்பர்காரர்கள் வந்தார்கள். என் தறிக்கு மறுபடி மாட்ட வந்த அன்று நீ மோட்டார் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதலில் அட்டைகளை விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாய்.

"இப்ப சரியா இருக்குதுபா" என்றாய்.

அதோடு நீ விட்டாய். நானும் விட்டதுதான் தப்பு.

எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன். அவள் அட்டைக் கட்டை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதையும் எழுதட்டுமாபா?"

"எழுதும்மா. என் பேரைப் போட்டே எழுது."

என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை.

இன்று காலை மோட்டார் சுவிட்சைப் போடுமுன், வழக்கம்போல அட்டைகளை எண்ணினேன். பாதியில் கணக்குத் தப்பியது. முதல் அட்டையில் மறுபடி விரலை வைத்தேன்.